ஃப்ரீடா காலோவின் வலியும் ஓவியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவை (1907–1954) முகத்தால் அறியாதவர்கள் குறைவு. சேர்ந்த புருவம், தலையில் பூ, கழுத்தில் கனத்த மணிமாலை. டீ ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் அவர் இருக்கிறார். ஆனால் அந்த முகத்துக்குக் கீழே இருந்த உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: தாங்களே நீண்ட நாள் நோயோடு இருப்பவர்கள், அப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அவருக்கு அப்படி என்னதான் நோய்?

ஒரே நோய் என்று சொல்ல முடியாது. ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. பதினெட்டு வயதில் பெரிய விபத்து; முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் உடைந்தன. 1930இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவரைப் பரிசோதித்த டாக்டர் லியோ எலோசர், முதுகுத்தண்டில் பிறவிக் கோளாறும் இருக்கிறது என்றார். இதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது. நிரந்தர முதுகுவலி, ஆறாத கால் புண்கள், கருச்சிதைவுகள், கடைசியில் வலது காலில் திசு அழுகல் என்று அது நீண்டது. அறுவை சிகிச்சைகள் முப்பதைத் தாண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இறந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும் மருத்துவர்கள் அவருக்கு நோய் கண்டுபிடிப்பதை நிறுத்தவில்லை. விபத்துக்குப் பின் வந்த ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க வலி நீடிக்கும் நோய்) என்று ஒரு கருத்து. முதுகெலும்பு முழுதாக மூடாத பிறவிக் குறை என்று இன்னொன்று. கர்ப்பப்பையின் உட்சுவர் தழும்பேறி ஒட்டிக்கொண்டதால்தான் குழந்தை தங்கவில்லை என்று மற்றொன்று. சுவாரசியமான ஊகங்கள்தாம். ஆனால் நோயாளி எதிரில் இல்லாமல், ஓவியத்தையும் பழைய மருத்துவக் குறிப்பையும் வைத்துச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது.

விபத்தில் என்ன நடந்தது?

1925 செப்டம்பர் 17, மெக்சிகோ நகரம். காதலன் அலெஹாந்த்ரோ கோமெஸ் அரியாஸுடன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் மேல் டிராம் மோதியது. கைப்பிடிக் கம்பி ஒன்று அவருடைய இடுப்பைத் துளைத்துக்கொண்டு போனது. முதுகுத்தண்டு மூன்று இடங்களில் உடைந்தது. வலது காலில் பதினோரு முறிவுகள், பாதம் நசுங்கியது, காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. அலெஹாந்த்ரோ பெரிய காயமில்லாமல் தப்பினார். ஃப்ரீடா செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் ஒரு மாதம் கிடந்தார். அதன் பிறகு வீட்டில் பல மாதங்கள் படுக்கை.

அதற்குப் பிறகுதான் வரையவே ஆரம்பித்தாரா?

முழுநேர ஈடுபாடு அப்போதுதான் வந்தது. அதுவரை டாக்டராக வேண்டும் என்பதுதான் எண்ணம். நாட்டின் சிறந்த பள்ளியான தேசிய ஆயத்தப் பள்ளியில் 1922இல் சேர்ந்திருந்தார். சுமார் இரண்டாயிரம் மாணவர்களில் பெண்கள் 35 பேர்தான். உடலியல் படிப்பில் இருந்த அந்த ஆர்வம் பின்னால் ஓவியங்களுக்குள் வந்து சேர்ந்தது. இதயத்தையும் நரம்பையும் கருவையும் அவர் வரைந்த விதத்தைப் பார்த்தாலே தெரியும்.

படுக்கையில் கிடந்த மகளுக்கு அம்மா மத்தில்தே படுத்தபடியே வரையும்படி ஒரு தாங்கியைச் செய்யச் சொல்லிக் கொடுத்தார். கட்டிலின் மேற்கூரையில் ஒரு கண்ணாடியும் மாட்டப்பட்டது. வண்ணங்கள் அப்பாவுடையவை.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. கியெர்மோ காலோ ஜெர்மனியில் பிறந்து மெக்சிகோ வந்த புகைப்படக்காரர். அவருக்கு வலிப்பு நோய் உண்டு. சிறுமி ஃப்ரீடா அவரோடு தெருவில் போகும்போது, அவர் விழுந்துவிட்டால் பார்த்துக்கொள்ளவும் கேமரா திருடுபோகாமல் காக்கவும் பழகியிருந்தார். ஸ்டுடியோவில் மெல்லிய தூரிகையால் புகைப்படங்களைத் திருத்தும் வேலையையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். நோயோடு ஒருவர் தன் தொழிலைச் செய்துகொண்டே இருக்க முடியும் என்பதை அவர் முதலில் பார்த்தது தன்னிடம் அல்ல, அப்பாவிடம்.

அந்த விபத்தை ஓவியமாக வரைந்திருக்கிறாரா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் பதில் கிட்டத்தட்ட ‘இல்லை’. 1926இல் போட்ட ஒரு பென்சில் சித்திரம் இருக்கிறது. அவசரக் கோடுகள், மோதிய வண்டிகள், தரையில் தூக்குப் படுக்கை. 1929இல் ‘பஸ்’ என்று ஒரு ஓவியம். அதில் வெவ்வேறு வர்க்கத்து மனிதர்கள் பெஞ்சில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறார்கள், எதுவும் நடக்கவில்லை.

மூன்றாவது கொஞ்சம் குறும்பானது. யாரோ ஒரு பெயர் தெரியாத நாட்டுப்புற ஓவியர் வரைந்த வேண்டுதல் படம் ஒன்று 1940களில் அவர் கைக்குக் கிடைத்தது. அதிலும் ஒரு பஸ் விபத்து, தரையில் ஒரு பெண். ஃப்ரீடா அந்தப் பெண்ணுக்குத் தன் சேர்ந்த புருவத்தை வரைந்தார். பஸ்ஸில் ஊர்ப் பெயரை மாற்றி எழுதினார். மகளைக் காப்பாற்றியதற்குப் பெற்றோர் நன்றி சொல்வதுபோல வாசகத்தையும் சேர்த்தார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய சம்பவத்துக்கு அவர் செய்த வண்ண ஓவியம், இன்னொருவர் படத்தில் செய்த இந்தத் திருத்தம் மட்டும்தான்.

விபத்து ஒரு நாளில் முடிந்துபோனது. அவர் வரைந்தது அதற்குப் பிறகு வந்த 29 வருடங்களை.

வேண்டுதல் படம் என்கிறீர்களே, அது என்ன?

மெக்சிகோவில் நோய் தீர்ந்தாலோ விபத்தில் தப்பினாலோ, நடந்ததைச் சிறிய தகரத் தகட்டில் வரையச் சொல்லி தேவாலயத்தில் வைப்பார்கள். மேலே காப்பாற்றிய புனிதர், நடுவே படுக்கையில் நோயாளி, கீழே என்ன நடந்தது, எந்த நாள், யாருக்கு நன்றி என்று எழுத்து. வேளாங்கண்ணியிலும் வைத்தீஸ்வரன் கோயிலிலும் வெள்ளியில் கை, கால், கண் செய்து காணிக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே உறுப்பு மட்டும் இருக்கும், இங்கே முழுக் கதையும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஃப்ரீடாவும் அவருடைய கணவர், சுவரோவியர் டியேகோ ரிவேராவும் இப்படிப்பட்ட தகடுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

1932இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. அதைப் பற்றிய ‘ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை’ ஓவியத்தை அவர் உலோகத் தகட்டின் மேல் வரைந்தார். வெட்டவெளியில் ஒரு இரும்புக் கட்டில், ரத்தக் கறையோடு நிர்வாணமாக அவர், தொலைவில் ஃபோர்டு தொழிற்சாலை. அவர் கையிலிருந்து ஆறு சிவப்பு நாடாக்கள் கிளம்பி ஒரு கரு, ஒரு நத்தை, ஒரு இடுப்பெலும்பு, ஒரு ஊதா ஆர்க்கிட் பூ, ஒரு இயந்திரம், உடற்கூறு மாதிரி ஒன்று ஆகியவற்றில் முடிகின்றன. கருவைச் சரியாக வரைய மருத்துவப் புத்தகம் கேட்டார். மருத்துவமனையில் தர மறுத்தார்கள். டியேகோ வாங்கி வந்து கொடுத்தார். படுக்கையில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண், அதே வாரங்களில் படம் சரியாக வர வேண்டுமே என்று புத்தகம் தேடியிருக்கிறார்.

அந்தத் தகட்டில் நோயாளி உண்டு, இடம் உண்டு, தேதி உண்டு. புனிதர் மட்டும் இல்லை. வானம் காலியாக இருக்கிறது.

ஏன் இத்தனை தற்சித்திரங்கள்? கொஞ்சம் தன்மோகம் இல்லையா?

அவர் வரைந்தவை மொத்தம் நூற்றைம்பது ஓவியங்கள் அளவுக்கு இருக்கும். அதில் சுமார் 55 தற்சித்திரங்கள். தான் பெரும்பாலும் தனியாக இருப்பதாகவும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் தான்தான் என்பதாலும் தன்னையே வரைவதாக அவர் சொன்னது பிரபலம். அதைவிட எளிய காரணமும் உண்டு. எழுந்திருக்க முடியாத ஆளுக்குக் காசு வாங்காத, எந்த நேரமும் கிடைக்கிற மாடல் கண்ணாடியில்தான் இருக்கிறது.

தன்மோகம் என்பவர்கள் அந்த முகங்களைக் கொஞ்சம் நேரம் பார்க்க வேண்டும். மீசையை மறைக்கவில்லை. புருவத்தைக் குறைக்கவில்லை, கூட்டித்தான் வரைந்தார். கண்ணீர் வழியும்போதும் முகத் தசை அசையாது. உங்களிடம் இரக்கம் கேட்கிற முகம் இல்லை அது. நீங்கள் பார்ப்பதை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

‘உடைந்த தூண்’ ஓவியத்தில் என்ன இருக்கிறது?

1944இல் முதுகு மிகவும் மோசமாகி, முதுகைத் தாங்கிப் பிடிக்கும் எஃகுக் கச்சை போட வேண்டி வந்தபோது வரைந்தது. உடல் கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளந்திருக்கிறது. உள்ளே முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பல துண்டுகளாக விரிசல் விட்ட கிரேக்கத் தூண். வெள்ளைக் கச்சைப் பட்டைகள்தான் உடலைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. முகம், மார்பு, கை எல்லா இடத்திலும் ஆணிகள். பின்னால் பிளந்து கிடக்கும் வறண்ட நிலம்.

நாள்பட்ட வலி உள்ளவர்கள் இந்த ஓவியத்தின் முன் நின்று ‘ஆமாம், இப்படித்தான்’ என்று சொல்வது ஏன் என்று யோசித்திருக்கிறேன். ஆணிகளின் அளவு ஒன்றாக இல்லை என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சில சின்னவை, சில பெரியவை, மிகப் பெரியது இடது மார்புக்குப் பக்கத்தில் குத்தியிருக்கிறது. ‘வலிக்கிறது’ என்று சொல்லி நிறுத்தாமல், எங்கே எவ்வளவு என்று குறித்திருக்கிறார். டாக்டர் அறையில் ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் சொல்லச் சொல்லும்போது சொல்ல முடியாமல் போவதை அவர் படமாகப் போட்டுவிட்டார்.

அளவு? சுமார் 40 சென்டிமீட்டர் உயரம், 30 அகலம். மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வலிதான் அவரைப் பெரிய ஓவியர் ஆக்கியதா?

இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. உலகத்தில் முதுகு உடைந்தவர்கள் எத்தனையோ பேர், ஃப்ரீடா ஒருவர்தான். வலி அவருடைய நேரத்தைத் தின்றது. ஓவியங்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1950இல் மெக்சிகோ நகரின் ஆங்கில மருத்துவமனையில் கிட்டத்தட்ட வருடம் முழுக்கக் கிடந்தபோது முதுகில் ஏழு அறுவை சிகிச்சைகள் நடந்தன. எலும்பு ஒட்டு சீழ் பிடித்து, திரும்பத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. டாக்டர்கள் அனுமதித்த பிறகுதான் படுக்கைக்கு மேல் தாங்கியைப் பொருத்தி ஒரு நாளில் சில மணி நேரம் வரைந்தார்.

அவருடைய தூரிகை வேலையைப் பாருங்கள். நெருக்கமான, மிருதுவான, மெதுவான வேலை. அலறலில் வருகிற கோடுகள் இல்லை அவை. வலி கொஞ்சம் விட்ட மணி நேரங்களில், முன்பே யோசித்து வைத்ததைப் பொறுமையாக நிரப்பியவை. எந்தப் பொருள், எந்த அளவு, எவ்வளவு நேரம் என்பதில் நோய் கட்டளை போட்டது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில் அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவர் தன்னை நோயாளி என்று சொல்லிக்கொண்டாரா?

1953இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையிடம், தான் நோயாளி இல்லை, உடைந்துபோனவள், ஆனாலும் வரைய முடிகிற வரை உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி என்று சொன்னார். நாட்குறிப்பிலோ 1950–51ஐப் பற்றி, ஒரு வருடம் நோயாகக் கிடந்தேன், முதுகில் ஏழு ஆபரேஷன், டாக்டர் ஃபரில் காப்பாற்றினார் என்று எழுதியிருக்கிறார். முரண்பாடு என்று இதைப் பெரிதாக்க வேண்டியதில்லை. நிருபரிடம் ஒரு பதில், தனக்கு ஒரு பதில். நாமும் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்பவரைப் பொறுத்துத்தானே பதில் சொல்கிறோம்.

சர்ரியலிச ஓவியர் என்று எங்கோ படித்தேனே?

கனவையும் அடிமனத்தையும் கலையாக்கும் இயக்கம் சர்ரியலிசம். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் ஃப்ரீடாவை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். தான் கனவுகளை வரைந்ததே இல்லை, தன் நிஜத்தைத்தான் வரைந்ததாக ஃப்ரீடா பதில் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குக் கனவாகத் தெரிந்தது அவருக்கு ஆஸ்பத்திரி வார்டு.

கச்சைகளின் மேலேயே வரைந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1944க்குப் பிறகு மட்டும் எஃகு, தோல், பிளாஸ்டர் என்று 28 கச்சைகள் போட்டதாக ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலானவை பிளாஸ்டர். ஒன்றில் அரிவாள் சுத்தியலும், வயிற்றுப் பகுதியில் ஒரு கருவும் வரைந்திருக்கிறார், அவர் கம்யூனிஸ்ட். மருத்துவமனையில் வண்ணங்கள் கிடைக்காதபோது அயோடினையும் லிப்ஸ்டிக்கையும் வைத்து வேலை நடந்திருக்கிறது. பார்க்க வந்தவர்களையும் வரையச் சொல்வாராம்.

பிளாஸ்டர் கச்சை எப்படிப் போடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈரமான பிளாஸ்டரை உடம்பைச் சுற்றி ஒட்டி, அது காய்ந்து இறுகும் வரை நோயாளியை நிமிர்த்தியோ தொங்கவிட்டோ வைத்திருப்பார்கள். மெக்சிகோ வெயிலில் அதற்குள் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். மேலே பூ வரைந்தால் உள்ளே அரிப்பு நிற்காது.

மருத்துவர்களை எப்படிப் பார்த்தார்?

மூன்று ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழுப் பதிலும் கிடைத்துவிடும்.

முதலாவது 1931இல் வரைந்த டாக்டர் எலோசரின் உருவப்படம். மரியாதையும் நட்பும் உள்ள படம். பல வருடங்கள் அவருக்குக் கடிதம் எழுதினார். மற்ற டாக்டர்கள் சொன்னதைப் பற்றி இவரிடம்தான் கருத்துக் கேட்பார்.

இரண்டாவது ‘நம்பிக்கை இல்லாமல்’, 1945. உடல் இளைத்துப்போனதால் வலுக்கட்டாயமாகச் சாப்பாடு கொடுக்க உத்தரவு. ஓவியத்தில் அவர் கட்டிலில் கட்டுண்டதுபோலக் கிடக்கிறார். வாய்க்கு மேலே ஒரு பெரிய புனல். அதில் மீன், கோழி, மாமிசம், ஒரு சர்க்கரை மண்டையோடு எல்லாம் குமட்டும்படி குவிந்திருக்கின்றன. அந்தப் புனலைத் தாங்கி நிற்கும் மரச்சட்டம், அவர் படுத்தபடி வரையப் பயன்படுத்திய தாங்கியைப் போலவே இருக்கிறது. வேலை செய்கிற சாமானையே சிகிச்சை பறித்துக்கொண்டது என்று கோபமாகச் சொல்கிற படம். இதில் அன்பு எதுவும் இல்லை.

மூன்றாவது 1951. சக்கர நாற்காலியில் ஃப்ரீடா, பக்கத்துத் தாங்கியில் டாக்டர் ஹுவான் ஃபரிலின் முகம். ஃப்ரீடாவின் மடியில் வண்ணத் தட்டு. பார்த்தால் அது ஒரு இதயம். கையில் உள்ள தூரிகைகளில் சிவப்பு சொட்டுகிறது. வேண்டுதல் படத்தில் புனிதருக்குரிய இடத்தில் டாக்டரை உட்கார வைத்துவிட்டார். 1932இல் காலியாக விட்ட இடம் 1951இல் நிரம்பியது என்று எனக்குப் படுகிறது.

அறுவை சிகிச்சைகளால் நன்மை இருந்ததா?

சந்தேகம்தான். 1946 ஜூனில் நியூயார்க்கில் பெரிய அறுவை சிகிச்சை. இடுப்பிலிருந்து எடுத்த எலும்பையும் 15 சென்டிமீட்டர் உலோகக் கம்பியையும் வைத்து நான்கு முதுகெலும்புகளை இணைத்தார்கள். கொஞ்ச நாள் உற்சாகம், பிறகு பழைய வலியைவிட மோசம். அந்த வருடத்து இரண்டு ஓவியங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அறுவைக்கு முன் வரைந்தது ‘காயம்பட்ட மான்’: மானின் உடல், அவருடைய முகம், ஒன்பது அம்புகள். அறுவைக்குப் பின் வரைந்தது ‘நம்பிக்கை மரமே, உறுதியாய் நில்’: ஒரு ஃப்ரீடா முதுகில் ரத்தம் கசியும் வெட்டுகளோடு தள்ளுவண்டியில் கிடக்க, இன்னொரு ஃப்ரீடா சிவப்புப் பாவாடையில் கச்சையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நம்பிக்கை என்று தலைப்பில் இருக்கிறது. நிலத்தில் இரண்டு பெரிய பிளவுகளும் இருக்கின்றன.

செலவை யார் பார்த்தது? யார் கவனித்துக்கொண்டது?

நோயோடு வாழும் கலைஞர்களைப் பற்றிய எழுத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. ஆனால் அதுதான் முக்கியமான கேள்வி.

பணம் பெரும்பாலும் டியேகோவுடையது. அவர் புகழ்பெற்றவர், சம்பாதித்தார், மனைவிக்குத் துரோகமும் செய்தார், ஆஸ்பத்திரியில் பக்கத்து அறையில் தங்கவும் செய்தார். ஃப்ரீடாவுக்கும் சொந்தக் காலில் நிற்க ஆசை. 1938இல் நடிகர் எட்வர்ட் ராபின்சன் நான்கு ஓவியங்களை ஒவ்வொன்றும் 200 டாலர் என்று வாங்கியது அவருக்குப் பெரிய விஷயம். கலைஞர்களுக்கு அமெரிக்காவில் தரும் குகன்ஹைம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1943 முதல் ‘லா எஸ்மெரால்தா’ ஓவியப் பள்ளியில் கற்பித்தார். போக முடியாமல் ஆனபோது மாணவர்கள் அவர் வீட்டுக்கே வந்து படித்தார்கள்.

கவனிப்பு என்றால் தங்கை கிறிஸ்தீனா. நியூயார்க் அறுவைக்கும் கூடப் போனவர் அவர்தான். கடைசி வருடங்களில் நர்ஸுகள். வீடு சொந்தம், வேலையாட்கள் உண்டு. இதெல்லாம் இல்லாத ஒருவரைப் பார்த்து ‘ஃப்ரீடா அந்த வலியிலும் சாதிக்கவில்லையா?’ என்று கேட்காதீர்கள். யாரோ சமைத்தார்கள், யாரோ புரட்டிப் படுக்க வைத்தார்கள், அப்புறம்தான் ஓவியம்.

நீளப் பாவாடை நோயை மறைக்கவா?

ஓரளவுக்கு. தெற்கு மெக்சிகோவின் தெஹுவான்தெபெக் பகுதிப் பெண்களின் உடை அது. சூம்பிய காலைத் தரை வரை மறைக்கும்; மேலே போடும் தளர்ந்த சட்டை கச்சையின் மேல் உறுத்தாமல் நிற்கும்; பார்ப்பவர் கண்ணைத் தலைக்கும் கழுத்துக்கும் இழுக்கும். அதே நேரம் மெக்சிகோவின் பூர்வகுடிப் பண்பாட்டுக்கும் அம்மா வழி வேருக்கும் ஆதரவு சொல்கிற அரசியல் உடையும்கூட. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஃப்ரீடா இறந்த பிறகு டியேகோ அவருடைய பொருட்களைக் குளியலறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். தான் இறந்து 15 வருடம் கழித்துத் திறக்கலாம் என்பது அவர் சொன்ன கெடு. திறக்கப்பட்டதோ 2004இல்தான். உடைகள், மருந்துகள், கச்சைகள், ஊன்றுகோல்கள், சீன வேலைப்பாடு செய்த சிவப்பு பூட்ஸ் மாட்டிய செயற்கைக் கால் எல்லாம் உள்ளே இருந்தன. 2018இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவற்றில் பலவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள்.

கடைசி வருடங்கள் எப்படிப் போயின?

1953 ஏப்ரலில் மெக்சிகோவில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி, புகைப்படக் கலைஞர் லோலா ஆல்வரெஸ் பிராவோவின் காட்சிக்கூடத்தில். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. சரி என்று கட்டிலை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸில் போய் இறங்கி, கட்டிலில் படுத்தபடியே விருந்தினர்களை வரவேற்றார். அதே வருடம் ஆகஸ்ட்டில் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. ‘பறக்கச் சிறகு இருக்கும்போது பாதங்கள் எனக்கு எதற்கு?’ என்று நாட்குறிப்பில் எழுதினார். இந்த வரி இன்று உற்சாக வாசகமாகச் சுற்றுகிறது. எழுதிய பக்கத்தில் இருப்பதோ வெட்டப்பட்ட இரண்டு பாதங்களின் சித்திரம். கால் போன பிறகு அவர் பல மாதம் கடுமையான மனச்சோர்வில் இருந்தார்.

வலி மருந்துகளும் மதுவும் கூடக்கூடத் தூரிகை தளர்ந்தது. பழைய நுணுக்கம் போய், பழங்களைத் தடித்த வண்ணத்தில் வரைந்தார். அவற்றைச் சரிவு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. நடுங்கும் கைக்குத் தர்பூசணி சரியான பொருள்தான்.

எப்படி இறந்தார்?

1954 ஜூலை 13, தன் 47ஆம் வயதில், பிறந்த அதே நீல வீட்டில். நுரையீரலில் ரத்தக் கட்டி என்று பதிவானது. மருந்து அதிகமாக எடுத்திருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அதற்கு 11 நாள் முன்பு, குவாத்தமாலாவில் அமெரிக்கத் தலையீட்டைக் கண்டித்த ஊர்வலத்தில் சக்கர நாற்காலியில் கலந்துகொண்டார்.

எனக்கும் நீண்ட நாள் நோய். வரைய ஆசை. அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

வேலை முறையை. சிறிய அளவில் வரையுங்கள். கை எட்டுகிற தூரத்துக்குள் எல்லாம் இருக்கட்டும். நிற்க முடியாவிட்டால் தாங்கியை உங்களிடம் வரவழையுங்கள். தச்சரிடம் சொன்னால் படுக்கைக்கு மேல் சாய்வுப் பலகை செய்து கொடுப்பார். ஆயில் பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளாவிட்டால் வாட்டர்கலர், பென்சில், எதுவும் தப்பில்லை. மருந்து வேலை செய்கிற நேரத்தில் வரைந்து, செய்யாத நேரத்தில் அடுத்ததை யோசியுங்கள். நாட்குறிப்பில் அவர் செய்ததுபோல, மை சிந்தினால் அந்தக் கறையையே உருவமாக மாற்றலாம்.

நோயைத்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. அவருடைய குரங்குகளையும் கிளிகளையும் பழங்களையும் மறக்காதீர்கள்.

இவரைப் போல வேறு யாரையெல்லாம் பார்க்கலாம்?

‘இவரைப் போல’ என்று யாரும் இல்லை, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரான்சின் ஓவியர் மத்தீஸ் 1941இல் குடல் புற்றுநோய்க்கான அறுவைக்குப் பின் அதிக நேரம் நிற்க முடியாமல், வண்ணத் தாள்களைக் கத்தரியால் வெட்டி ஒட்டத் தொடங்கினார். நோயைப் பற்றி அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த பால் க்ளே, தோல் இறுகிப்போகும் நோயோடு 1939 என்ற ஒரே வருடத்தில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட படைப்புகளைச் செய்தார். 1940இல் இறந்துபோனார். இங்கிலாந்தின் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ், 1982இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கேமராவை மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுபோனார். இது தன் உடைமைதானா என்று கேள்விக்குறியோடு மார்பின் மேலேயே எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். ஃப்ரீடாவுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான் என்பேன். கோபம் அதே கோபம்.

பொம்மை, பை, கோப்பை... இந்த ஃப்ரீடா வியாபாரம் பற்றி?

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 2018இல் ஃப்ரீடா பார்பி பொம்மை வந்தது. புருவம் மெலிந்து, மீசை போய், இரண்டு காலும் நேராக இருந்தது. குடும்பத்தினர் சிலர் வழக்குப் போட்டு மெக்சிகோவில் விற்பனைக்குத் தடை வாங்கினார்கள். உரிமை யாருக்கு என்ற சண்டை அது. ஆனால் அந்த நேரான காலைப் பற்றி யாராவது வழக்குப் போட்டிருந்தால் நான் அவர் பக்கம்.

அசல் ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

பெரும்பகுதி மெக்சிகோவில். 1984 முதல் அவருடைய படைப்புகள் அந்நாட்டின் தேசியச் செல்வம். அங்கே இருப்பவற்றை விற்று வெளியே கொண்டுபோக முடியாது. அதனால்தான் வெளிநாட்டில் ஏலத்துக்கு வருகிற சிலவற்றின் விலை எகிறுகிறது. 1940இல் வரைந்த ‘கனவு (படுக்கை)’ 2025 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 47 லட்சம் டாலருக்குப் போனது.

மெக்சிகோ நகரத்துக்குப் போகிறவர்கள் சாபுல்தெபெக் பூங்காவில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘இரண்டு ஃப்ரீடாக்கள்’ ஓவியத்தைப் பார்க்கலாம். அவர் வரைந்ததில் மிகப் பெரியவற்றில் ஒன்று, ஆள் உயரத்துக்கு இருக்கும். கொயோகான் பகுதியிலுள்ள நீல வீடு 1958 முதல் அருங்காட்சியகம். கண்ணாடி பொருத்திய கட்டில், சக்கர நாற்காலி, கச்சைகள் எல்லாம் அங்கே. திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், வாசலில் நின்று எடுக்கலாம் என்று போனால் பெரும்பாலும் கிடைக்காது. அதிக நேரம் நிற்க முடியாதவர்கள் காலையில் முதல் நேரத்துக்கே பதிவு செய்வது நல்லது. அறைகள் சின்னவை, பகல் ஏற ஏறக் கூட்டம் நெருக்கும்.